குளோரின் எங்கிருந்து வந்தது?

இளநிலை வேதியியல், மூன்றாமாண்டு

முதலாமாண்டில் துணைப்பாடமாகத் தாவரவியல் படித்தபோது நடந்தது இது. அகமதிப்பீட்டுத் தேர்வில், குளோரோஃபில்லில் அடங்கியுள்ள தனிமங்கள் யாவை என்று இரண்டு மதிப்பெண் வினா ஒன்று வந்தது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்று நான்கினை எழுதினேன். ஐந்தாவதாகக் கொஞ்சமும் தயங்காமல் "குளோரின்" என்று எழுதினேன். பெயரிலேயே குளோரோ இருக்கும்போது ஐயத்துக்கு இடமேது? விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருந்தது. பக்கத்தில் விரிவுரையாளரின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: "குளோரின் எங்கிருந்து வந்தது?"

மதிப்பெண் போனது பெரிதில்லை. என்னைக் குடைந்தது வேறொன்று. நான் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். அங்கே இலையின் பச்சை நிறப்பொருளுக்குப் "பச்சையம்" என்று பெயர். பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது என்று படித்து, எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். கல்லூரிக்கு வந்து அதே பொருள் குளோரோஃபில் என்ற பெயரில் எதிரே நின்றதும், தெரிந்திருந்த மக்னீசியத்தைக் கைவிட்டு, இல்லாத குளோரினைப் பிடித்துக்கொண்டேன். பொருள் ஒன்றுதான், பெயர் மாறியதும் என் அறிவும் மாறிவிட்டது! ஒரு பெயர் இப்படியும் ஒருவரை ஏமாற்றுமா என்ற கேள்வியோடு நூலகத்துக்குப் போனவளுக்கு, குளோரினுடைய வரலாறு முழுவதுமே பெயரால் ஏமாந்தவர்களின் வரலாறு என்பது தெரியவந்தது. ஏமாந்தவர்கள் என்னைப் போன்றவர்கள் அல்லர். ஐரோப்பாவின் தலைசிறந்த வேதியியல் அறிஞர்கள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

கதைக்குள் போகுமுன், வேறு துறை நண்பர்களுக்காக எங்கள் ஆய்வுக்கூடப் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பக்கத்துக்கு மூன்று பத்திகள் உண்டு. முதற்பத்தியில் சோதனை, அதாவது என்ன செய்தோம். இரண்டாவதில் காண்பன, அதாவது கண்ணுக்கு என்ன தெரிந்தது, மூக்குக்கு என்ன தெரிந்தது. மூன்றாவதில் அறிவன, அதாவது அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தோம். இரண்டாம் பத்தியில் எழுத வேண்டியதை மூன்றாம் பத்தியில் எழுதினாலும், மூன்றில் எழுத வேண்டியதை இரண்டில் எழுதினாலும் திட்டு விழும். இந்தப் பத்திகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1774ஆம் ஆண்டு. சுவீடன் நாட்டில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற 31 வயது மருந்துக்கடை உதவியாளர், கருநிறக் கனிமம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்று நாம் மாங்கனீசு டை ஆக்சைடு என்று சொல்லும் பொருள்தான் அது. அதன்மேல் முரியாட்டிக் அமிலத்தை ஊற்றிச் சூடேற்றினார். முரியாட்டிக் அமிலம் என்பது நம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பழைய பெயர். இலத்தீனில் "முரியா" என்றால் உப்புநீர். உப்பிலிருந்து எடுக்கப்பட்ட அமிலமாதலால் அப்பெயர். கலவையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு வாயு எழுந்தது. சூடான இராஜதிராவகத்தின் நெடியைப் போன்று மூச்சை அடைக்கும் நெடி.

ஷீலே அந்த வாயுவைப் பொறுமையாகச் சோதித்தார். லிட்மசுத் தாளை வெளுக்கச் செய்தது. சிவப்பு, நீல, மஞ்சள் பூக்களின் நிறத்தையும் இலையின் பசுமையையும் அழித்தது. அமிலம் தெளித்தாலும் காரம் தெளித்தாலும் போன நிறம் மீளவில்லை. உலோகங்களை அரித்தது, பூச்சிகளைக் கொன்றது, புட்டியை அடைத்திருந்த தக்கையைக்கூட மஞ்சளாக்கியது. இன்று எங்கள் பாடநூலில் "குளோரினின் பண்புகள்" என்ற தலைப்பில் உள்ளவற்றில் பெரும்பகுதியை அந்த மருந்துக்கடை உதவியாளர் அன்றே கண்டு எழுதிவிட்டார். இரண்டாம் பத்தியில் அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் பெயர்? அதற்கு அவர் மூன்றாம் பத்திக்குப் போனார். அக்காலத்தில் எரியும் பொருள்களில் எல்லாம் பிளாஜிஸ்டன் என்ற ஒன்று உறைந்திருப்பதாகவும், எரியும்போது அது வெளியேறுவதாகவும் அறிஞர் நம்பினர். கருநிறக் கனிமம் அமிலத்திலிருந்து பிளாஜிஸ்டனைப் பறித்துக்கொண்டது, எஞ்சியதே இந்த மஞ்சள் வாயு என்று ஷீலே முடிவு செய்தார். எனவே "பிளாஜிஸ்டன் நீங்கிய முரியாட்டிக் அமிலம்" என்று அதற்குப் பெயரிட்டார். தாம் கண்டது ஒரு புதிய தனிமம் என்று அவர் நினைக்கவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்நாளில் சிலர் ஹைட்ரஜன் வாயுவையே பிளாஜிஸ்டன் என்று கருதினார்கள். அவர்கள் கணக்குப்படி ஷீலேயின் பெயரைப் படித்தால், "ஹைட்ரஜன் நீங்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலம்" என்று வரும். அது சரியான விடை! தவறான கொள்கையிலிருந்து புறப்பட்டவர் உண்மையின் வாசற்படி வரை வந்திருக்கிறார். பின்னால் வந்தவர்களோ சரியான கொள்கை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வேறு திசையில் நடந்தார்கள்.

பின்னால் வந்தவர்களில் முதல்வர் பிரான்சின் லவாய்சியர். பிளாஜிஸ்டன் என்று ஒன்றுமே இல்லை, எரிதல் என்பது காற்றிலுள்ள ஒரு வாயுவோடு சேர்வது என்று நிறுவிய மேதை அவர். கந்தகம், பாஸ்பரஸ், கரி ஆகியவற்றை அந்த வாயுவில் எரித்து, விளைந்ததை நீரில் கரைத்தால் அமிலம் கிடைக்கிறது. மூன்று பொருள்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவே, அமிலத்தின் புளிப்புக்கே அந்த வாயுதான் காரணம் என்று அவர் முடிவு கட்டினார். கிரேக்க மொழியில் "ஆக்சிஸ்" என்றால் புளிப்பு அல்லது கூர்மை; "ஜென்" என்றால் பிறப்பிப்பது. ஆக்சிஜன் என்ற பெயருக்கு "அமிலத்தைப் பிறப்பிப்பது" என்று பொருள். நாம் பிராணவாயு என்றும் உயிர்வளி என்றும் சொல்லும்போது உயிருக்கு அது வேண்டும் என்ற கண்கூடான செய்தியை மட்டும் சொல்கிறோம். ஆக்சிஜன் என்று சொல்லும்போது ஒரு கொள்கையையே சொல்கிறோம். அந்தக் கொள்கை தவறு.

தவறு என்று அன்று யாருக்குத் தெரியும்? 1787இல் லவாய்சியரும் அவருடைய தோழர்கள் மூவரும் வேதியியற் பொருள்களுக்கெல்லாம் முறையான பெயர்களை வகுத்து நூல் வெளியிட்டார்கள். பெயரைக் கேட்டாலே அதில் என்னென்ன இருக்கிறது என்று தெரியவேண்டும் என்பது அவர்கள் இலட்சியம். நல்ல இலட்சியந்தான்; இன்று நாம் சோடியம் குளோரைடு என்றும் கால்சியம் கார்பனேட் என்றும் சொல்வது அவர்கள் போட்ட வழிதான். ஆனால் உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாதபோதே பெயர் வைத்துவிட்டால்?

அப்படித்தான் நேர்ந்தது. அமிலம் என்றாலே ஆக்சிஜன் இருக்கவேண்டும். முரியாட்டிக் அமிலமும் அமிலந்தான். ஆகவே அதிலும் ஆக்சிஜன் உண்டு. அத்தோடு இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஏதோ ஒரு மூலப்பொருள் சேர்ந்திருக்கிறது. 1789இல் லவாய்சியர் வெளியிட்ட 33 தனிப்பொருள்களின் பட்டியலில், யாரும் கண்ணால் கண்டிராத அந்த "முரியாட்டிக் மூலம்" ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சரி, மஞ்சள் வாயு என்னாயிற்று? லவாய்சியரின் தோழர்களில் ஒருவரான பெர்தொலே 1785இல் அந்த வாயுவை நீரில் கரைத்து வெயிலில் வைத்தார். கரைசலிலிருந்து ஆக்சிஜன் குமிழ்கள் வந்தன. எஞ்சிய நீரில் முரியாட்டிக் அமிலம் இருந்தது. ஆகா, இந்த வாயு முரியாட்டிக் அமிலமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒன்று என்று அவர் அறிவித்தார். "ஆக்சிமுரியாட்டிக் அமிலம்" என்ற பெயர் நிலைத்தது. அந்த ஆக்சிஜன் வாயுவிலிருந்து வந்ததன்று, நீரிலிருந்து வந்தது என்பது இன்று நமக்குத் தெரியும். குளோரின் நீரிலுள்ள ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ள, தனித்துவிடப்பட்ட ஆக்சிஜன் வெளியேறுகிறது. சோதனை சரி, கண்டதும் சரி. குமிழ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில்தான் கோட்டை விட்டார்கள். என் விடைத்தாளில் எழுதப்பட்ட அதே கேள்வியை அன்று யாரேனும் பெர்தொலேயின் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதியிருக்கலாம்: ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது?

பெயர் தவறாக இருந்தாலும் வேலை நிற்கவில்லை. நெய்த துணியை வாரக்கணக்கில் புல்வெளியில் விரித்து வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த வாயுவைக் கொண்டு விரைவில் வெளுக்கலாம் என்று பெர்தொலே காட்டினார். 1799இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட், வாயுவைச் சுண்ணாம்பில் ஏற்றிச் சலவைத்தூளாகச் செய்ய உரிமம் பெற்றார். கால்வாய் ஓரங்களில் தூவப்படும் பிளீச்சிங் பவுடரின் மூதாதை அதுவே. என்னவென்றே சரியாகத் தெரியாத ஒரு பொருளை வைத்து ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது. எனவே, பெயர் தவறென்றால் என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். நட்டம் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்தது. இல்லாத ஆக்சிஜனை வெளியே எடுக்க ஐரோப்பா முழுவதும் முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த முயற்சிகளில் மிக உருக்கமானது 1809இல் கே-லூசாக், தெனார் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் செய்தது. ஆக்சிஜன் உள்ள பல பொருள்களைச் செந்தணலாகச் சுடவைத்த கரியோடு சேர்த்தால் கரி அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். அவர்கள் இந்த வாயுவைச் சுட்ட கரியின்மேல் செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வாயு போனபடியே திரும்பி வந்தது. இதைத் தனிமம் என்று கருதவும் இடமுண்டு என்று அவர்களே எழுதினார்கள். எழுதிவிட்டு, ஆனாலும் கூட்டுப்பொருள் என்று கொள்வதே மேல் என்று முடித்தார்கள்! கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "இது நம் வீடில்லை" என்று மூடிவிட்டுப் போனதைப் போல. ஆக்சிமுரியாட்டிக் என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாவுக்கு, அதில் "ஆக்சி" இல்லை என்று சொல்ல வரவில்லை போலும். இந்த இடத்தைப் படித்தபோதுதான் என் விடைத்தாள் எனக்கு நினைவுக்கு வந்தது.

இனி ஹம்ஃப்ரி டேவி. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1778இல் பிறந்து, இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியரானவர். 1807இல் வோல்டா மின்கலங்களை அடுக்கி, மின்னோட்டத்தால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்துப் புகழ் பெற்றிருந்தார். அந்த ஆய்விலேயே லவாய்சியரின் கொள்கையை அசைக்கும் செய்தி ஒன்று அவருக்குக் கிடைத்துவிட்டது. பொட்டாஷ் கடுமையான காரம்; அதில் ஆக்சிஜன் இருந்தது. "அமிலத்தைப் பிறப்பிக்கும்" வாயு, அமிலத்துக்கு நேர் எதிரியான காரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது?

டேவி மஞ்சள் வாயுவின் பக்கம் திரும்பினார். மின்கலத்தின் உதவியால் கரியை வெண்ணிற ஒளி வீசும் அளவுக்குச் சூடாக்கினார். அந்த வெப்பத்திலும் வாயுவிலிருந்து ஆக்சிஜன் ஒரு துளியும் வரவில்லை. வெள்ளீயத்தை அதில் எரித்தார், பாஸ்பரசை எரித்தார், விளைந்தவற்றை அம்மோனியாவோடு சேர்த்துப் பார்த்தார். எங்கும் ஆக்சிஜனைக் காணோம். ஹைட்ரஜனோடு சேர்த்தால், ஒரு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு மஞ்சள் வாயுவும் கூடி முரியாட்டிக் அமில வாயுவாக மாறின; வேறெதுவும் மிஞ்சவில்லை. வாயுவில் ஆக்சிஜன் இருந்தால் ஹைட்ரஜனோடு சேர்ந்து நீர் உண்டாகியிருக்க வேண்டுமல்லவா? அந்த நீர் அமில வாயுவுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டார்கள். ஓட்டை விழுந்த கொள்கைக்கு ஒட்டுப் போடுவது எக்காலத்திலும் நடப்பதுதான்.

நீர் தொடர்பில்லாத உலர்ந்த பொருள்களைக் கொண்டு சோதிக்கும் போதெல்லாம் ஆக்சிஜன் மாயமாகிவிடுகிறது. ஈரம் பட்ட இடத்தில்தான் தோன்றுகிறது. அப்படியானால் அது ஈரத்திலிருந்து வந்ததே என்று டேவி வாதிட்டார். 1810 ஜூலையிலும் நவம்பரிலும் இலண்டன் ராயல் சொசைட்டியில் தம் முடிவுகளை வாசித்தார். இந்த வாயுவை எவரும் பிரித்ததில்லை. பிரிக்க முடியாத வரையில் இது தனிமமே. நவம்பர் 15ஆம் நாள் வாசித்த உரையில் புதிய பெயரை முன்வைத்தார்: குளோரின்.

கிரேக்க மொழியில் "குளோரோஸ்" என்பது மஞ்சள் கலந்த பச்சை, வெளிர் பச்சை. வாயுவின் நிறம் அது. அவ்வளவுதான்! அமிலமா இல்லையா, ஆக்சிஜன் உண்டா இல்லையா, எதிலிருந்து எது நீங்கியது என்ற எதுவும் அப்பெயரில் இல்லை. டேவி இதை வேண்டுமென்றே செய்தார். கொள்கை எதையும் சாராமல், எல்லாரும் காணும் வெளிப்படையான பண்பு ஒன்றைக் கொண்டே பெயர் வைப்பதாகவும், நாளை எவரேனும் இதைப் பிரித்துக் கூட்டுப்பொருள் என்று காட்டினாலும், ஏன், இதில் ஆக்சிஜனையே கண்டாலும், இந்தப் பெயரில் பிழை வராது, மாற்றவேண்டிய தேவையும் இராது என்றும் அவர் விளக்கினார். தாம் தோற்றுப்போனாலும் தோற்காத ஒரு பெயரைத் தேடிப் பிடித்தவர் அவர். இளமையும் புகழும் செருக்கும் மிகுந்தவர் என்று டேவியைப் பற்றிச் சொல்வதுண்டு. இந்த ஓரிடத்திலாவது அவர் காட்டிய அடக்கம் என்னைக் கவர்ந்தது. எங்கள் பதிவேட்டுக் கணக்கில் சொன்னால், ஷீலேயும் லவாய்சியர் கூட்டத்தாரும் மூன்றாம் பத்தியிலிருந்து பெயர் எடுத்தார்கள். டேவி இரண்டாம் பத்தியிலிருந்து எடுத்தார்.

குளோரோஸ் என்ற சொல்லைப் பற்றி இன்னும் சிறிது பேச ஆசை. ஹோமரின் காப்பியங்களில் தேன் குளோரோஸ். அச்சத்தால் வெளிறிய முகத்தைச் செய்யும் பயமும் குளோரோஸ். அப்போதுதான் வெட்டிய ஒலிவ மரத்தடியும் குளோரோஸ். தேனும் பச்சை மரமும் ஒரே நிறமா என்று ஆங்கில உரையாசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழனுக்கு இதில் வியப்பில்லை. நமக்கும் "பச்சை" என்பது நிறம் மட்டுமன்று. புதுமையும் ஈரமும் இளமையும் வேகாமையும் அதுவே. பச்சை மரம், பச்சைப் பிள்ளை, பச்சைத் தண்ணீர், பச்சரிசி ஆகியவற்றில் எதுவும் இலையின் நிறமன்று. கிரேக்கச் சொல்லும் அப்படிப்பட்டதே. உலர்ந்துபோகாத, பசுமை மாறாத எதற்கும் அது பொருந்தும்.

பிற மொழியினர் இந்தத் தனிமத்தைத் தம் மொழியில் எப்படி அழைத்தார்கள் என்று பார்ப்பதும் சுவையானது. சீனர் தம் மொழியில் பச்சையைக் குறிக்கும் சொல்லையே அடிப்படையாகக் கொண்டு புதிய எழுத்தொன்றைப் படைத்தனர். சப்பானியர் "என்சோ" என்கிறார்கள். உப்பின் மூலப்பொருள் என்று பொருள். தமிழில் பாசியின் நிறத்தைக் கொண்டு "பாசிகம்" என்று ஒரு சொல் ஆக்கப்பட்டுள்ளது. அதே வரிசையில், கிரேக்கத்தில் துர்நாற்றம் என்ற பொருளில் பெயர் பெற்ற புரோமினுக்கு "நெடியம்" என்று வைத்திருக்கிறார்கள். வழக்கில் இவை வேரூன்றவில்லை. நாங்களும் குளோரின், புரோமின் என்றே எழுதுகிறோம். ஆனால் புரோமின் புட்டியை ஒரு முறை திறந்தவர்கள் நெடியம் என்ற பெயரை மறக்கமாட்டார்கள்.

டேவி பெயர் வைத்த மறுநாளே எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. எடின்பரோவின் ஜான் மர்ரே ஆண்டுக்கணக்கில் எழுத்துப்போர் நடத்தினார். வேதியியலுக்கு எழுத்துக் குறியீடுகளை வகுத்தளித்த சுவீடனின் பெர்சீலியஸ் பத்தாண்டுகள் போல அசையவில்லை. இதற்கிடையில் 1811இல் பிரான்சில் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடின் கிடைத்தது. அதுவும் குளோரினைப் போலவே நடந்துகொண்டது. அதுவும் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆக்சிஜன் இல்லாத அமிலத்தைத் தந்தது. குளோரின் தனியாள் என்றிருந்த வரையில் மறுக்கலாம். உடன்பிறப்பு ஒன்று வந்து பக்கத்தில் நின்ற பிறகு மறுப்பது எப்படி? அந்த அயோடினுக்கும் அதன் ஆவியின் ஊதா நிறத்தைக் கொண்டே பெயர் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். டேவியின் வழி பரவிவிட்டது.

பெர்சீலியசின் மனமாற்றத்தை ஜெர்மானிய அறிஞர் வோலர் தம் நினைவுக்குறிப்பில் சொல்லியிருக்கிறார். 1823-24இல் அவர் ஸ்டாக்ஹோமில் பெர்சீலியசிடம் மாணவராக இருந்தார். ஆய்வுக்கூடப் பாத்திரங்களைக் கழுவியவர் அவ்வீட்டுச் சமையற்காரப் பெண்மணி அன்னா. ஒரு நாள் பாத்திரம் ஒன்றைக் கழுவும்போது, இதில் ஆக்சிமுரியாட்டிக் அமில நாற்றம் அடிக்கிறதே என்றாராம் அன்னா. இனிமேல் அப்படிச் சொல்லாதே அன்னா, குளோரின் என்று சொல், அதுதான் நல்லது என்றாராம் பெர்சீலியஸ். ஐரோப்பாவின் வேதியியல் போர் ஒன்று ஒரு சமையற்கட்டில் இப்படி முடிந்தது. அந்த அம்மையார் அதுவரை தவறாமல் பழைய பெயரைச் சொல்லிவந்ததை எண்ணினால் அவரிடம் எனக்குப் பெரும் மதிப்பு உண்டாகிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் ஒரு மூச்சில் வராது.

குளோரின் தப்பித்தது, ஆக்சிஜன் தப்பவில்லை. அமிலத்தன்மைக்குக் காரணம் ஹைட்ரஜனே என்று பிற்காலத்தில் தெளிந்த பிறகும், "அமிலத்தைப் பிறப்பிப்பது" என்ற பெயர் ஆக்சிஜனிடமே தங்கிவிட்டது. ஜெர்மானியர் அதையே மொழிபெயர்த்து "புளிப்புப் பொருள்" என்று இன்றும் அழைக்கிறார்கள். உண்மையில் அப்பெயர் ஹைட்ரஜனுக்கு உரியது.

இனி என் விடைத்தாளுக்கு வருகிறேன். டேவி பெயர் வைத்த ஏழாம் ஆண்டு, 1817இல், பெல்லத்தியே, காவந்தூ என்ற இரண்டு பிரெஞ்சு மருந்தியலாளர்கள் இலையின் பச்சை நிறப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அவர்களும் அதே குளோரோஸ் என்ற சொல்லை எடுத்து, இலை என்று பொருள்படும் "ஃபில்லோன்" என்பதோடு சேர்த்துக் குளோரோஃபில் என்றார்கள். "இலைப்பச்சை" என்று பொருள். குளோரினும் குளோரோஃபில்லும் ஒரு நிறத்தின் பெயரைத் தனித்தனியே கடன் வாங்கிய இரண்டு பேர், தம்முள் உறவில்லாதவர்கள். மாறாக, குளோரோஃபார்ம் என்பதில் உள்ள குளோரோ தனிமத்தைக் குறிப்பதுதான். அதில் மூலக்கூறுக்கு மூன்று குளோரின் அணுக்கள் உண்டு. எழுத்தில் வேறுபாடு தெரியாது. தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பச்சையம் என்ற பெயரில் இந்தத் தொல்லை இல்லை. அதை ஆக்கியவர் யாராயினும் வாழ்க. (ஒளிச்சேர்க்கையில் நீர் பிளந்து ஆக்சிஜன் வெளிவரும் படிக்குக் குளோரைடு அயனியும் வேண்டும் என்று பின்னர் படித்தேன். விரிவுரையாளரிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்ட கேள்வி அதுவன்று என்று சொல்லிவிட்டார்.)

குளோரோஃபில்லில் மக்னீசியம் இருப்பதை ஐயமற நிறுவியவர் ஜெர்மனியின் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர். இங்கே இரண்டு குளோரோக்களும் ஒரு மனிதரின் வாழ்க்கையில் சந்தித்துக்கொண்டன. முதல் உலகப்போரில், 1915 ஏப்ரல் 22ஆம் நாள் மாலை, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை 5,730 உருளைகளைத் திறந்து ஏறத்தாழ 168 டன் குளோரினைக் காற்றில் விட்டது. காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமான வாயு அது. தரையோடு தவழ்ந்து பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. எதிரே இருந்த வீரர்கள் கண்டதும் மஞ்சள் கலந்த பச்சை மேகத்தைத்தான். அந்தத் தாக்குதலைத் திட்டமிட்டு நடத்தியவர் ஃபிரிட்ஸ் ஹேபர். அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறையைத் தேர்வுக்குப் படிக்கிறோமே, அவரேதான். அவருடைய நண்பர் வில்ஸ்டாட்டர். நச்சுவாயு ஆய்வில் சேர வில்ஸ்டாட்டர் உடன்படவில்லை. ஆனால் வாயுவிலிருந்து காக்கும் முகக்கவசத்துக்கு வடிகட்டி அமைத்துத் தந்தார். அதே 1915ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு, பச்சையம் உள்ளிட்ட தாவர நிறப்பொருள்கள் பற்றிய ஆய்வுக்காக அவருக்கே வழங்கப்பட்டது. ஒரே ஆண்டில், ஒரு மனிதரின் மேசையில், இலையின் பச்சையும் மரணத்தின் பச்சையும்.

குளோரினின் நற்பயன்களைப் பட்டியலிட நான் முற்படவில்லை. குடிநீரைத் தூய்மைப்படுத்துவதில் தொடங்கி அவை பாடநூலில் வரிசையாக உள்ளன.

சென்ற பருவத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்தோம். கொடுத்த உப்போடு சிறிது மாங்கனீசு டை ஆக்சைடும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடேற்றவேண்டும். உப்பில் குளோரைடு இருந்தால் அமிலத்தோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாக, அதன்மேல் கருநிறக் கனிமம் வேலை செய்ய, வாயு வெளிவரும். ஷீலே 1774இல் செய்தது ஏறக்குறைய இதுவேதான் என்று பக்கத்தில் நின்ற தோழியிடம் சொன்னேன். அவள் சோதனைக்குழாயை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வாயு எழுந்தது, ஈர லிட்மசு வெளுத்தது, இருவரும் இருமினோம். இரண்டாம் பத்தியில் அவள் "மஞ்சள் நிற வாயு" என்று எழுதினாள். நான் "பச்சை நிற வாயு" என்று எழுதினேன். யார் எழுதியது சரி என்று வாதாடிக்கொண்டிருந்தபோது விரிவுரையாளர் வந்தார். குழாயை வாங்கிச் சன்னலோரம் போய், பதிவேட்டின் வெள்ளைத் தாளுக்கு எதிரே சிறிது நேரம் பிடித்துப் பார்த்தார். பிறகு குழாயைத் திருப்பிக் கொடுத்து, "இரண்டையும் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.